ஆர்.வி.யில் ஊர் சுற்றிக்கொண்டே வீடு கட்டப் போகலாம்: முழுமையான வழிகாட்டி

நியூ ஜெர்சியில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, 27 அடி நீள ஆர்.வி. ஒன்றில், அதாவது படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டியில், நானும் என் கணவரும் குடியேறி ஐந்து வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க மலை, கடல், பாலைவனம் என்று கண் நிறையப் பார்த்தோம். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எட்டு ஒன்பது மாதம் ஓடியதும் ஒன்று உறுத்த ஆரம்பித்தது. இத்தனை ஊர் பார்த்தும் எந்த ஊரிலும் நம்மைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை, நமக்குத் தெரிந்த முகமும் இல்லை. அப்போது நாங்கள் தங்கியிருந்த இடத்தில் பக்கத்து வண்டிக்காரர் தினமும் காலை ஆறரைக்கே தலைக்கவசத்தோடு கிளம்பிப் போவார், மத்தியானத்துக்கு மேல் உடம்பெல்லாம் மரத்தூளோடு திரும்பி வருவார். என்ன வேலை என்று கேட்டோம். சம்பளம் இல்லாத வேலை, வீடு கட்டுகிறோம், நாளைக்கு நீங்களும் வந்து பாருங்கள் என்றார்.

போனோம். அதற்கப்புறம் இதுவரை பதினோரு இடங்களில் வேலை செய்துவிட்டோம். ஆணி அடிக்கத் தெரியாமல் போனவர்கள்தான் நாங்கள் இருவருமே. தெரிந்தவர்கள் பலர் "எப்படிப் போவது, என்ன செலவு, நமக்கெல்லாம் முடியுமா" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இது அமெரிக்காவுக்கான வழிகாட்டி.

முதலில், இது என்ன ஏற்பாடு

ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற சின்ன ஊரில் 1976-ல் மில்லர்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் என்ற தம்பதி தொடங்கியது. அந்த ஊருக்குப் பக்கத்தில் கொய்னோனியா என்று ஒரு பண்ணை. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாழவே கூடாது என்றிருந்த காலத்தில், 1942-லேயே, எல்லோரும் ஒன்றாக உழைத்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று கிளாரன்ஸ் ஜோர்டன் தொடங்கிய பண்ணை அது. வீடு கட்டும் யோசனை அங்கேதான் பிறந்தது. 1984-லிருந்து அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரும் அவர் மனைவி ரோசலின் கார்ட்டரும் சுத்தியலோடு இறங்கியதால் உலகத்துக்கே தெரிந்தது. 2019-ல், 95 வயதில், கீழே விழுந்து நெற்றியில் 14 தையல் போட்ட நிலையிலும் கார்ட்டர் நாஷ்வில்லில் வேலைக்கு வந்து நின்றார். வயதாகிவிட்டது என்று யாராவது தயங்கினால் நான் இதைத்தான் சொல்வேன்.

இந்தியாவிலும் இவர்கள் 1983-லிருந்து, இன்றைய தெலங்கானாவில் உள்ள கம்மத்தில் தொடங்கி, வேலை செய்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீடு கட்டிக்கொடுத்தவர்கள் என்பதால் நம்மில் சிலருக்கு அந்த வழியிலும் இந்தப் பெயர் பழக்கம்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வீடுகள் இலவசம் கிடையாது. வருமானம் குறைவாக இருப்பதால் வங்கிக் கடன் கிடைக்காத, ஆனால் மாதத் தவணை கட்ட முடிகிற குடும்பத்துக்கு, அவர்களால் தாங்க முடிகிற கடனில் வீட்டை விற்கிறார்கள். தவணை பொதுவாக வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதோடு வாங்குகிறவர் தன் வீட்டிலும் பிறர் வீட்டிலும் குறிப்பிட்ட மணி நேரம் உடலுழைப்புத் தர வேண்டும். எத்தனை மணி நேரம் என்பது கிளைக்குக் கிளை மாறும். ஆக, நீங்கள் போய் நிற்கிற இடத்தில் உங்கள் பக்கத்தில் ஆணி அடிப்பவரே நாளைக்கு அந்த வீட்டுக்குச் சொந்தக்காரராக இருக்கலாம். தானம் கொடுக்கிற நினைப்போடு போனால் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது.

நம்மைப் போல வண்டியிலேயே வாழ்கிறவர்களுக்காக 1988-லிருந்து கேர்-அ-வேனர்ஸ் என்ற திட்டம் நடக்கிறது. நாடு முழுக்க உள்ள கிளைகளில் ஆள் தேவைப்படுபவை "எங்கள் ஊரில் இந்தத் தேதியிலிருந்து இரண்டு வாரம், இத்தனை வண்டிக்கு இடம்" என்று அறிவிக்கும். நாம் பதிவு செய்துகொண்டு வண்டியோடு போய்விட வேண்டும். வண்டியை நிறுத்த இடத்தை இலவசமாகவோ குறைந்த வாடகைக்கோ அவர்கள் ஏற்பாடு செய்வார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் நம்மைப் போன்ற ஒரு பயணியே தலைவராக இருப்பார். வண்டி எந்த வகையாக இருந்தாலும் சரி, இழுத்துப் போகிற டிரெய்லரும் சரிதான்.

இது ஒன்றுதான் வழி என்று இல்லை. ஃபுல்லர் 2005-ல் ஹேபிடட்டிலிருந்து நீக்கப்பட்ட பிறகு தொடங்கிய ஃபுல்லர் சென்டர் ஃபார் ஹவுசிங்கிலும் ஆர்.வி.க்காரர்களுக்குத் தனிக் குழு உண்டு. மெத்தடிஸ்ட் சபையைச் சேர்ந்த நோமட்ஸ் என்ற அமைப்பும் இதேபோல வேலை செய்கிறது, அங்கே வழிபாட்டோடு சேர்ந்த சூழல் இருக்கும். ஹேபிடட்டும் கிறிஸ்தவ வேரிலிருந்து வந்ததுதான், காலையில் ஒரு சின்ன ஜெபம் இருக்கும். ஆனால் வீடு வாங்குகிறவருக்கோ உதவிக்கு வருகிறவருக்கோ மதம் ஒரு நிபந்தனை இல்லை. நாங்கள் சைவக் குடும்பம், நெற்றியில் திருநீறோடுதான் போகிறோம், இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை வித்தியாசமாகச் சொன்னதில்லை.

உங்களுக்கு ஒத்துவருமா

கட்டட அனுபவம் தேவையில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை. தேவைப்படுவது வேறு: ஐந்தாறு மணி நேரம் நின்றபடி வேலை செய்கிற உடம்பு, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற பழக்கம், இரண்டு வாரமும் முழுசாக இருக்கிற உறுதி. மூன்றாம் நாள் பக்கத்தில் நல்ல அருவி இருக்கிறதென்று கிளம்பிவிட்டால், உங்களை நம்பி அன்றைக்கு இறக்கி வைத்த மரமும் நேரம் ஒதுக்கிய மேற்பார்வையாளரும் வீண்.

முழங்கால் வலி, முதுகு வலி உள்ளவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். பெயின்ட் அடிப்பது, பூச்செடி நடுவது, மரச்சாமான் எடுத்துக் கொடுப்பது, மதியச் சாப்பாட்டை ஒழுங்கு செய்வது என்று வேலைக்குப் பஞ்சமே இல்லை. இவர்களே நடத்துகிற ரீஸ்டோர் கடைகளிலும், அதாவது நன்கொடையாக வந்த கதவு, ஜன்னல், சோஃபா, விளக்கு எல்லாம் விற்கிற கடைகளில், கை தேவைப்படும். அந்தக் கடை லாபம் வீடு கட்டத்தான் போகிறது.

பிள்ளைகளோடு பயணிக்கிற குடும்பங்கள் கவனிக்க வேண்டியது: வேலை நடக்கிற கட்டடத்துக்குள் 16 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. 16, 17 வயதுக்காரர்களும் மின்கருவி தொட முடியாது, கூரை ஏற முடியாது.

அப்புறம் விசா. குடியுரிமையோ பச்சை அட்டையோ (கிரீன் கார்டு) இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. வேறு விசாவில் இருப்பவர்கள், ஊரிலிருந்து பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மா உட்பட, சம்பளம் இல்லைதானே என்று தாங்களாகவே முடிவு செய்துவிட வேண்டாம். பதிலுக்குத் தங்க இடம் கிடைப்பதுகூடச் சில விசாக்களில் சிக்கல் ஆகலாம். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

பணக் கணக்கு

இரண்டு வாரம் தங்க வாடகை மிச்சம் என்று மட்டும் பார்த்து இறங்காதீர்கள். பெரிய செலவு எரிபொருள்தான். எங்கள் வண்டி காலனுக்கு 9 மைல் கொடுக்கும். 900 மைல் தள்ளி இருக்கிற ஊருக்குப் போனால் 100 காலன், அந்த வாரத்து விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதனால் நாங்கள் வருடத்தை முதலில் பிரித்துவிடுவோம். குளிர்காலம் ஃபுளோரிடா, டெக்ஸஸ், அரிசோனா பக்கம், கோடையில் வடக்கே. போகிற வழியில் என்ன வேலை இருக்கிறது என்று பார்த்துக் கோர்ப்போம். வேலைக்காக நாட்டைக் குறுக்கே கடந்தது ஒரே ஒரு தடவை, அதோடு போதும் என்று ஆகிவிட்டது.

வரிக் கணக்கில் பலர் தவறான எதிர்பார்ப்போடு வருகிறார்கள். உங்கள் நேரத்துக்கு, உழைப்புக்கு எந்தக் கழிவும் கிடையாது. தொண்டு வேலைக்கு ஓட்டிய தூரத்துக்கு மைலுக்கு 14 சென்ட் காட்டலாம், 2025 வரை அதுவும் பெரும்பாலும் செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியல் போட்டுக் கழிக்கிறவர்களுக்குத்தான் கிடைத்தது. சுற்றுலாவையும் தொண்டையும் கலந்துவிட்டுப் பயணச் செலவு முழுவதையும் எழுதிவைத்தால் நிற்காது. எதற்கும் ஒரு சின்ன நோட்டில் தேதி, கிளம்பிய இடம், மைல் மூன்றையும் எழுதி வையுங்கள்.

மருத்துவக் காப்பீட்டை இதைவிட முக்கியமாகப் பாருங்கள். 65 தாண்டியவர்களுக்கு அசல் மெடிகேர், அதாவது அரசே நேரடியாக நடத்துகிற மருத்துவக் காப்பீடு, இருந்தால், அதை ஏற்றுக்கொள்கிற மருத்துவரிடம் எந்த மாநிலத்திலும் போகலாம். தனியார் நிறுவனம் வழியாக வருகிற மெடிகேர் அட்வான்டேஜ் என்றால் பெரும்பாலும் குறிப்பிட்ட வட்டாரத்து மருத்துவர்களோடு கட்டிவிடுவார்கள், ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு அது கஷ்டம். 65-க்குக் கீழே இருப்பவர்கள் நிரந்தர முகவரி எந்த மாநிலத்தில் வைக்கிறீர்கள் என்பதையும் காப்பீட்டையும் ஒன்றாக வைத்து முடிவு செய்ய வேண்டும். வண்டியில் வாழ்கிறவர்கள் பலர் தெற்கு டகோட்டா, டெக்ஸஸ், ஃபுளோரிடா மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள், மாநில வருமான வரி இல்லை என்பது ஒரு காரணம். ஆனால் அந்த மாநிலத்தில் கிடைக்கிற காப்பீடு வெளியூரில் அவசரத்துக்குத் தவிர வேறெதற்கும் உதவாது என்றால் வரியில் மிச்சம் பிடித்ததை ஒரே எக்ஸ்ரேயில் விட்டுவிடுவீர்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

இணையதளத்தில் பட்டியல் இருக்கும், கணக்கு ஒன்று தொடங்கி, விருப்பமான தேதியைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். குளிர்கால ஃபுளோரிடா இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், பல மாதம் முன்பே பார்த்துவிடுங்கள். பதிவு செய்ததும் ஒப்பந்தம், காப்பீடு சம்பந்தமான படிவங்கள் வரும், பாதுகாப்புப் பாடம் ஒன்றையும் முடிக்கச் சொல்வார்கள். இரவு பதினோரு மணிக்கு அவசரமாகத் தட்டிவிட்டுப் போகிற பாடம் அல்ல அது, நிதானமாகப் பாருங்கள்.

அதற்கப்புறம் குழுத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். நான் எப்போதும் கேட்கிறவை: வீடு எந்த நிலையில் இருக்கிறது, நாங்கள் வரும் வாரத்தில் சுவர் எழுப்புகிற வேலையா, கூரையா, உள்வேலையா? வேலை இடத்துக்கும் வண்டி நிற்கிற இடத்துக்கும் எத்தனை மைல்? மின்சாரம் 30 ஆம்பியரா 50 ஆம்பியரா? கழிவு நீர் இறக்க வண்டிக்குப் பக்கத்திலேயே குழாய் உண்டா, இல்லை வண்டியை எடுத்துக்கொண்டு வேறு இடம் போக வேண்டுமா? கிளம்பிப் போன பிறகு தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை இதெல்லாம்.

மின்சாரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால் நாங்கள் பட்டிருக்கிறோம். தெற்கே ஒரு ஊரில், ஜூன் மாத வெயில், திறந்த மைதானத்தில் வரிசையாக எட்டு வண்டி. 30 ஆம்பியர் இணைப்பு, அதாவது 120 வோல்ட்டில் 3,600 வாட் மட்டும். 50 ஆம்பியரில் இரண்டு கம்பி 120 வோல்ட் வரும், 12,000 வாட் வரை எடுக்கலாம், இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவு. மத்தியானம் எல்லோரும் வேலை முடிந்து வந்து ஏ.சி.யைப் போட்டதும் வோல்டேஜ் 100-க்குக் கீழே இறங்கிவிட்டது. எங்கள் ஏ.சி.யின் கம்ப்ரஸர் அன்றைக்குப் போனதுதான். வோல்டேஜ் குறைந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கிற பாதுகாப்புப் பெட்டி வாங்கலாம் வாங்கலாம் என்று ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தோம். நீங்கள் முதல் பயணத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். கூடவே தண்ணீர்க் குழாயில் மாட்டுகிற அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு, குடிதண்ணீருக்கென்றே தனிக் குழாய், 30-ஐ 50-ஆக மாற்றுகிற இணைப்பான், சமதளம் இல்லாத தரையில் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டைகள். இடம் பல சமயம் சர்ச் வாகன நிறுத்தமாகவோ கண்காட்சி மைதானமாகவோ இருக்கும், பூங்கா மாதிரி வசதியை எதிர்பார்க்க வேண்டாம்.

எடுத்துப் போக வேண்டியவை

பெரிய கருவிகள் எல்லாம் அங்கேயே இருக்கும். ஆனாலும் சொந்தமாக நான்கு பொருள் இருந்தால் நிம்மதி: உங்கள் கைக்குப் பொருந்துகிற சுத்தியல் (நான் 16 அவுன்ஸ், என் கணவர் 20), 25 அடி இஞ்ச் டேப், இடுப்பில் கட்டுகிற பை, மரத்தில் எழுதுகிற தட்டைப் பென்சில். பெண்கள் கனமான சுத்தியலை வாங்கிக்கொண்டு முதல் நாளே மணிக்கட்டைக் கெடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து கடையில் பத்துத் தடவை ஓங்கிப் பார்த்து வாங்குங்கள். கணுக்கால் மூடிய, கெட்டியான அடிப்பாகம் உள்ள பூட்ஸ் கட்டாயம். ஆணி ஏறினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டாம், டெட்டனஸ் ஊசி போட்டு பத்து வருடம் ஆகியிருந்தால் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். கண்ணாடி, தலைக்கவசம் அங்கே தருவார்கள். தளர்ந்த துப்பட்டா, தொங்குகிற சங்கிலி, வளையல் எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும்.

முதல் நாள்

பெரும்பாலும் ஏழரை எட்டுக்கு ஆரம்பம். பதினைந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். எல்லோரும் வட்டமாக நிற்க, கட்டட மேற்பார்வையாளர் அன்றைய வேலையையும் அபாயங்களையும் சொல்வார். அவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர், நம் ஊர் மேஸ்திரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் அவர் சொல்வதுதான் முடிவு. உங்களுக்கு இன்ஜினியரிங் பட்டம் இருக்கலாம், ஊரில் சொந்தமாக மூன்று வீடு கட்டியிருக்கலாம். செங்கல், சிமென்ட், தூண், தளம் என்று நாம் பார்த்து வளர்ந்த கட்டடம் வேறு, இங்கே மரச்சட்டத்தில் எழுகிற வீடு வேறு. முதல் இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருங்கள்.

தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். நம்மவர்களுக்கு இதில் ஒரு கூச்சம் உண்டு, தலையை ஆட்டிவிட்டுப் போய் எதையாவது செய்துவிடுவோம். மின்ரம்பம் விஷயத்தில் அந்தத் தலையாட்டல் விரலைக் கேட்கும்.

வேலை: சுவர் எப்படி எழுகிறது

இதை விரிவாகச் சொல்கிறேன், முன்கூட்டியே தெரிந்தால் முதல் நாள் பயம் பாதி குறையும்.

இரண்டுக்கு நான்கு என்று கூப்பிடும் கட்டையை அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். அறுத்து, உலர்த்தி, இழைத்த பிறகு மிஞ்சுவது அது. சுவர் என்பது தரையில் ஒரு படுகட்டை, மேலே இரண்டு படுகட்டை, நடுவே 16 அங்குலத்துக்கு ஒரு நிற்கும் கட்டை, அதற்கு ஸ்டட் என்று பெயர். டேப்பைப் பார்த்தால் ஒவ்வொரு 16 அங்குலத்திலும் தனி நிறத்தில் குறி இருக்கும், அது இதற்காகத்தான். எட்டடி நீளம், நாலடி அகலம் என்று வருகிற பலகைகளின் விளிம்பு சரியாக ஒரு ஸ்டட்டின் நடுவில் போய் உட்கார வேண்டும், இல்லையென்றால் ஆணி அடிக்க மரம் இருக்காது. எட்டடிச் சுவருக்கான ஸ்டட் ஆலையிலேயே 92 அங்குலமும் எட்டில் ஐந்து பங்கும் என்று அறுத்தே வரும், அதை யாரும் மறுபடி அறுக்க வேண்டாம்.

படுகட்டையில் கோடு போட்டு, அதன் ஒரு பக்கம் பெருக்கல் குறி போடுவார்கள். ஸ்டட் அந்தக் குறியின் மேல் உட்கார வேண்டும், கோட்டின் மறுபக்கம் வைத்தால் ஒன்றரை அங்குலம் தள்ளிப்போய்விடும். அடுத்தது கட்டையின் வளைவு. எந்தக் கட்டையும் முழு நேராக இருக்காது, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தால் மெல்லிய வில் தெரியும். எல்லாக் கட்டைகளின் வில்லும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். நான் எனது இரண்டாவது வீட்டில் இதைப் பொருட்படுத்தவில்லை, ஒன்று உள்ளே ஒன்று வெளியே என்று அடித்துவிட்டேன். அன்றைக்குப் பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாங்கள் அடுத்த ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து அங்கிருந்த நண்பர் எழுதியபோதுதான் தெரிந்தது, உள்சுவரை மூடுகிற டிரைவால் பலகை மாட்ட வந்தவர்கள் சுவர் அலை அலையாக இருக்கிறதென்று ஆறு கட்டைகளைப் பிடுங்கி மாற்றினார்களாம். ஒரு நாள் வேலை போயிற்று.

அந்தக் கடிதம் என்னை மாற்றிவிட்டது என்றே சொல்லலாம். உள்ளூர்த் தொண்டர் தப்புச் செய்தால் அடுத்த சனிக்கிழமை வந்து திருத்துவார். நாம் அப்படி இல்லை, இரண்டு வாரத்தில் வண்டியைக் கிளப்பிவிடுவோம், நம் தப்பு நமக்குப் பின்னால் வருகிறவர் தலையில் விழும். அதனால் வேகமாக நிறைய செய்வதைவிட, அடுத்தவர் கை வைத்ததும் தொடர முடிகிற மாதிரி செய்வதுதான் பயணிக்கு அழகு என்று இப்போது நினைக்கிறேன். மெதுவாக அடியுங்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கோணலாகப் போன ஆணியை அமுக்கி மறைக்காமல் பிடுங்கிவிட்டு வேறு அடியுங்கள்.

சட்டம் முழுவதையும் தரையில் படுக்கவைத்து அடித்து முடித்ததும் எல்லோரும் வரிசையாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க, ஒரே மூச்சில் தூக்கி நிறுத்துவார்கள். முதுகை வளைக்காமல் காலால் எழுந்திருங்கள், முட்டுக்கட்டை அடித்து முடிகிற வரை கையை எடுக்காதீர்கள். வெறும் தரையாக இருந்த இடம் பத்து நொடியில் அறையாகிவிடும். பதினோரு இடத்தில் பார்த்தும் எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சுவருக்கு வெளியே பலகை, அதன் மேல் ஈரம் தடுக்கும் உறை, அப்புறம் வெளிப்பூச்சுக்குப் பதிலாக வினைல் பட்டைகள். கூரைக்கு முக்கோணச் சட்டங்கள், பலகை, அதன் மேல் ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கிற ஷிங்கிள். கூரைக்கு ஏற விருப்பமில்லை என்றால் ஏற வேண்டாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஏறினால் பாதுகாப்புக் கயிறு இல்லாமல் ஒரு அடிகூட வைக்காதீர்கள். மின்சாரம், குழாய், ஏ.சி. இணைப்பெல்லாம் உரிமம் பெற்றவர்கள் வந்து செய்வார்கள், நகராட்சி ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் சுவரை மூடலாம். ஆய்வாளர் வரத் தாமதமானால் ஒரு நாள் சும்மாகூட இருக்க நேரும், அன்றைக்கு மரத்துண்டுகளைப் பொறுக்கி, ஆணிகளை வகை பிரித்து வையுங்கள்.

சாப்பாடு

மதியம் பல இடங்களில் உள்ளூர் சர்ச்சிலிருந்தோ குடும்பங்களிலிருந்தோ யாராவது கொண்டுவந்து தருவார்கள். பெரும்பாலும் ஹாம் சாண்ட்விச், வறுத்த கோழி. சைவம் என்று பதிவிலேயே எழுதியும் இரண்டு தடவை எங்களுக்கு ஆப்பிளும் சிப்ஸும்தான் மிஞ்சியது, அவர்கள் மனசு கஷ்டப்பட்டதுதான் எங்களுக்கு அதிகக் கஷ்டம். அப்புறம் நாங்களே முந்தின இரவு எலுமிச்சை சாதமோ புளிசாதமோ கட்டிவைத்துக்கொள்ள ஆரம்பித்தோம், கூட நாலு பேருக்கு ஆகிற அளவு. தயிர் சாதம் வெயிலில் புளித்துவிடும், ஐஸ் பெட்டி இல்லாமல் வேண்டாம். வெயில் ஊர்களில் உப்புப் போட்ட நீர்மோர் எங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. தாகம் எடுக்கிற வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு தடவை எதையாவது குடித்துக்கொண்டே இருங்கள்.

மாலையில் ஒரு நாள் எல்லோரும் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவருவார்கள். சின்ன அடுப்பில் பத்துப் பேருக்குத் தோசை வார்க்க முடியாது, ஆனால் ஒரு பானை சாம்பார், அரிசி குக்கர் முடியும். மினசோட்டாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் என்னிடம் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டு போனார், எனக்கு அவர் கதவுச் சட்டம் நிறுத்தச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வாரம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் சண்டை வருவதும் உண்டு, பெரும்பாலும் ஜெனரேட்டர் சத்தத்துக்கோ நாய்க்கோதான். இரவு ஒன்பதுக்கு மேல் சத்தம் வேண்டாம்.

வீட்டுக்குச் சொந்தக்காரர்களோடு

பேசுங்கள், ஆனால் குடைய வேண்டாம். எங்கே வேலை, எத்தனை சம்பளம், கணவர் எங்கே என்று நாம் சாதாரணமாகக் கேட்டுவிடுவோம். ஒரு விண்ணப்பத்துக்காக ஏற்கெனவே தன் வாழ்க்கை முழுவதையும் காகிதத்தில் எழுதிக்கொடுத்தவர் அவர். மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்க்கிற ஒரு அம்மா எங்களோடு எட்டு நாள் வேலை செய்தார், இரவுப் பணி முடித்து நேராக வருவார். ஜன்னல் எங்கே வரும் என்று கேட்டு, அந்த ஸ்டட்டுகளுக்கு நடுவே நின்று வெளியே பார்த்தார். இங்கேதான் என் மகன் கட்டில் போடுவேன் என்றார். மதுரையில் ஒன்பது வாடகை வீடு மாறி வளர்ந்தவள் நான், என் அம்மா ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் அடிப்பார். அதையெல்லாம் அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை, அவர் பிடித்துக்கொள்ள அன்றைக்கு ஆறு ஆணி அடித்தேன்.

படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், பிள்ளைகள் படத்தையும் வீட்டு முகவரி தெரிகிற படத்தையும் இணையத்தில் போடவே வேண்டாம்.

வீடு முடிந்து சாவி கொடுக்கிற நாள் பெரும்பாலும் நாம் போன பிறகுதான் வரும். எங்களுக்குப் பதினோரு இடத்தில் இரண்டே தடவைதான் அது வாய்த்தது. அதற்காகப் பயணத்தை மாற்றலாமா என்று கேட்டால், முடிந்தால் மாற்றுங்கள்.

கிளம்புவதற்கு முன்

கடைசி நாளை வேலைக்கான நாளாக நினைக்காதீர்கள், ஒப்படைக்கிற நாளாக வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் விட்ட எதையும் மேற்பார்வையாளரிடம் நேரில் காட்டுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும், அதனால் நான் மரத்திலேயே பென்சிலால் எழுதிவிடுவேன்: "இங்கே இரண்டு ஆணி பாக்கி", "இந்தக் கட்டை கால் அங்குலம் குட்டை, மாற்றவும்", தேதியோடு. டிரைவால் போட்டதும் எல்லாம் மறைந்துவிடும். இரவல் வாங்கிய கருவிகளைத் துடைத்து, எடுத்த இடத்தில் வையுங்கள். அடுத்த குழுத் தலைவருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். மின்கம்பத்தில் எது பலவீனம், கழிவு இறக்கும் இடத்தில் குழாய் எத்தனை அடி வேண்டும், பக்கத்தில் துணி துவைக்கும் கடை எங்கே, எந்தக் கடையில் நல்ல அரிசி கிடைக்கிறது.

காலையில் கழிவுத் தொட்டியை இறக்கி, குழாய்களைச் சுருட்டி, ஆன்டெனாவும் படியும் உள்ளே போய்விட்டதா என்று வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். நாங்கள் ஊரைவிட்டு வெளியேறும்போது வேலை இடத்து வழியாகத்தான் போவோம். நிறுத்த மாட்டோம், வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைப்போம். அந்நேரத்துக்கு அடுத்த குழுவில் யாராவது ஏணியை இறக்கிக்கொண்டிருப்பார்கள்.